பள்ளிக்கூடத்தில் சத்தமே போடாத பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் அலறல்: என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு ஒன்பது வயது, ஓட்டிசம். சாதாரண பாடசாலையில் நாலாம் வகுப்பு. நன்றாகக் கதைப்பான், கரையோர ரயில் நேரமெல்லாம் மனப்பாடம். இந்தத் தவணை தொடங்கினதில் இருந்து ஆள் வேறு மாதிரி. ரீச்சரைக் கேட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை என்கிறார். ஆனால் ஸ்கூல் வேனால் இறங்கி லிஃப்டுக்குள் வரும்போதே முகம் இறுகிவிடும், கதவைத் திறந்ததும் சப்பாத்து ஒரு பக்கம் பறக்கும், தங்கச்சி மெதுவாகப் பாடினாலும் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான், தன் கையையே கடிப்பான். அடங்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும்.

அதைவிடப் பயம் என்னவென்றால், தானே சட்டைப் பொத்தான் போட்டவன் இப்போது நான் போட்டுவிடும்வரை அப்படியே நிற்கிறான். சோறு கறி சாப்பிட்டவனுக்கு இப்போது கிறீம் கிறேக்கரும் வெறும் பிட்டும்தான். பேச்சும் குறைந்துவிட்டது. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை, ரியூஷனைக் கூட்டச் சொல்லி வீட்டில் நெருக்குகிறார்கள். மாமி, செல்லம் கூடிவிட்டது, இரண்டு அடி போட்டால் சரி என்கிறா. சுமை தாங்காமல் ஆளே ஓய்ந்துபோவதை பேர்ன்அவுட் என்கிறார்களே, அது இதுதானா? இப்படிக் கட்டுப்பாடில்லாமல் அலறும் மெல்ட்டவுன் வரும் நேரம் நான் என்ன செய்ய?

அமைதியான_ஆள்

அக்கா, நானும் ஓட்டிசம் உள்ளவன்தான், வளர்ந்தவன், கொழும்பில் வேலை செய்கிறேன். உங்கள் மகன் பள்ளிக்கூடத்தில் நல்லாக இருக்கவில்லை, அடக்கிக்கொண்டு இருக்கிறான். மணிச்சத்தம், நாற்பது பிள்ளைகளின் இரைச்சல், கழுத்தில் உரசும் டை, யார் எப்போது பகிடி பண்ணுவார்கள் என்ற யோசனை, அவ்வளவையும் ஒன்றரை மணி வரைக்கும் பிடித்து வைத்துவிட்டு, பாதுகாப்பான இடம் வந்ததும் விடுகிறான். உங்களிடம் விடுவது உங்களை நம்புவதால்.

அந்த நேரத்தில் சொல் எதுவும் உள்ளே போகாது. "ஏன் அழுகிறாய், அம்மாவுக்குச் சொல்லு" என்பதும் எனக்கு இன்னொரு சத்தம்தான். லைட்டை அணையுங்கள், தங்கச்சியை மற்ற அறைக்கு அனுப்புங்கள், தலை இடிபடும் இடத்தில் தலையணையை வையுங்கள், பிறகு கொஞ்சம் தள்ளி நிலத்தில் இருங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம். அவனாகக் கேட்டால் ஒழியக் கட்டிப்பிடிக்கவும் வேண்டாம். முடிந்த பிறகு விசாரணை வைக்காதீர்கள், தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு விடுங்கள், தூங்கினால் தூங்கட்டும். அடியைப் பற்றி மாமியிடம் ஒன்று சொல்லுங்கள்: அடி வாங்கிய பிள்ளை அடங்குவது பயத்தில், களைப்பு அப்படியேதான் இருக்கும்.

கொட்டாஞ்சேனை_ஓ.ரி.

மேலே தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.ரி.), அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி கொடுப்பவள், பிள்ளையைப் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல ஏலாது, ஆனால் நீங்கள் சொல்வது பேர்ன்அவுட்டோடு பொருந்துகிறது. 2020இல் டோரா ரேமேக்கர் குழு ஓட்டிசம் உள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதிய ஆய்வில் மூன்று விடயங்கள் வருகின்றன: மாதக்கணக்கில் நீளும் களைப்பு, கைவந்த வேலைகள் நழுவிப்போவது, சத்தம் வெளிச்சம் தாங்காமை. இது இன்னும் மருத்துவ வகைப்பாட்டில் தனி நோயாக இல்லை, அதனால் சில டொக்டர்மார் இந்தப் பெயருக்கு முகம் சுளிக்கலாம். அதற்காகப் பின்வாங்காதீர்கள், ஏனென்றால் பழகின திறன் குறைந்தால் டொக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பல்வலி, மலச்சிக்கல், காதுவலியை இந்தப் பிள்ளைகள் சொல்லத் தெரியாமல் இப்படித்தான் காட்டுவார்கள். ஓட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூட, வெறித்துப் பார்த்தபடி நின்றால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் சிறுவர் மனநலப் பிரிவு இருக்கிறது. இப்போது பார்க்கிற டொக்டரிடமே கடிதம் கேட்கலாம்.

மருந்தைவிட முதலில் சுமையைக் குறையுங்கள். ரியூஷனை இந்தத் தவணைக்கு நிறுத்துங்கள். பாடசாலையில் ஆறாம் வகுப்பு இருந்தால் புலமைப்பரிசில் எழுதாமலே அங்கேயே தொடரலாம், அதற்காக ஒரு பிள்ளையை உடைக்கத் தேவையில்லை. வந்ததும் யூனிபோமைக் கழற்றிவிட்டு, கேள்வி இல்லாத ஒரு மணித்தியாலம். ரயில்தான் விருப்பம் என்றால் ரயில்தான், அதைப் பரிசாக வைத்துப் பேரம் பேசாதீர்கள். பொத்தானை நீங்களே போட்டுவிடுங்கள், தெம்பு வந்தால் அவனே போடுவான்.

இரண்டு_பிள்ளை_அப்பா

எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. எல்லாவற்றையும் நிறுத்தினால் பிறகு வீட்டை விட்டே வரமாட்டான். என் மகளை நாங்கள் சந்தைக்கும் கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போய்ப் போய்த்தான் பழக்கினோம்.

அமைதியான_ஆள்

அண்ணா, தெம்பாக இருக்கும் பிள்ளையைப் பழக்கலாம், பிழையில்லை. பொத்தான் போடவே ஏலாமல் நிற்பவனை ஆடிவேல் திருவிழாக் கூட்டத்துக்குள் கொண்டுபோனால் அவன் பழகுவது, அம்மா அப்பாவிடம் சொல்லியும் பயனில்லை என்பதைத்தான். வெளியே போகட்டும், ஆனால் ஆளில்லாத நேரம் பார்த்து, அவன் போதும் என்றால் அந்த நிமிடமே திரும்பலாம் என்ற உறுதியோடு.

வெள்ளவத்தை_அம்மா

எல்லாருக்கும் பெரிய நன்றி. வாசித்துக்கொண்டே அழுதுவிட்டேன், அவருக்கும் காட்டினேன், ரியூஷனை விட ஒத்துக்கொண்டார். மாமியை இனித்தான் சமாளிக்க வேண்டும். வேன்காரர் ரேடியோவைக் குறைக்கவே மாட்டார், மற்றப் பிள்ளைகளும் கத்துவார்கள். காதுக்கு ஏதாவது போட்டு அனுப்பலாமா?

கொட்டாஞ்சேனை_ஓ.ரி.

தாராளமாக. விலை கூடின ஹெட்போன் வேண்டாம், பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் வேலையாட்களுக்கு விற்கும் காதுக்கவசம் போதும். தலைப்பட்டி சின்னதாக்கக்கூடியதா என்று பாருங்கள், இறுகினால் போடமாட்டான். முதலில் வீட்டில் மிக்ஸி போடும்போது தந்து பாருங்கள். ரீச்சரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் வகுப்பில் பறித்து வைத்துவிடுவார்கள்.