புதுப்பிப்பு: ஃப்ரே பெந்தோஸ் இறைச்சி ஆலை கைமாறிய வரலாறு

உருகுவேயின் ஃப்ரே பெந்தோஸ் ஆலையைப் பற்றிச் சென்ற மாதம் நான் எழுதிய இழையில், லீபிக் நிறுவனமே அதைக் கடைசிவரை நடத்தியது என்று குறிப்பிட்டிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்கிறேன்.

தென்னமெரிக்கப் புல்வெளிகளில் தோலுக்காகவே மாடுகள் வெட்டப்பட்டு, இறைச்சியில் பெரும்பகுதி வீணான காலத்தில், வேதியியலாளர் யூஸ்டுஸ் ஃபொன் லீபிக்கின் முறைப்படி அதைக் காய்ச்சிச் சாறாக்கலாம் என்று கண்ட கீபெர்ட் என்ற பொறியாளரின் முயற்சியால், 1865இல் லண்டனில் அந்த நிறுவனம் உருவானது. ஒரு கிலோ சாற்றுக்குச் சுமார் 30 கிலோ இறைச்சி தேவைப்பட்டது. கரும்பழுப்பு நிறத்தில் பசைபோல் இறுகிய அந்தச் சாறு வெள்ளை ஜாடிகளில் விற்பனைக்கு வந்தது. லேபிளின் குறுக்கே லீபிக்கின் கையெழுத்து நீல மையில் இருக்கும். 1873இல் உப்பிட்ட மாட்டிறைச்சியை டப்பாக்களில் அடைக்கும் வேலையும் தொடங்கியது.

நான் தவறவிட்டது 1924ஆம் ஆண்டை. அப்போது பிரிட்டனின் வெஸ்டி குடும்பம் ஆலையை வாங்கி, 'ஃப்ரிகோரிஃபிகோ ஆங்லோ' என்று பெயர் மாற்றி, உறைந்த இறைச்சி ஏற்றுமதியைப் பெருக்கியது. உள்ளூர் மக்கள் இன்றும் அதை 'ஆங்லோ' என்றே அழைப்பதற்குக் காரணம் இதுதான். இதை முதலிலேயே நான் கவனித்திருக்க வேண்டும். 1971இல் உருகுவே அரசு ஆலையை ஏற்றது. 1979இல் அது மூடப்பட்டது.

ஆலை வேலையை நம்பியே, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்களால் வளர்ந்த ஊர் அது. துறை, குளிர்க்கிடங்கு, தொழிலாளர் குடியிருப்பு உள்ளிட்ட அந்த வளாகத்தை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.