களிமண் பின்வளவில் 6×8 அடி பசுமைக்குடில் கிட்: நேரடியாக மண்மேல் நிறுத்தலாமா?

ஹரோ வளவு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இலண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் வைப்பதற்காக 6 அடிக்கு 8 அடி பசுமைக்குடில் கிட் ஒன்றை வாங்கியிருக்கிறோம். அலுமினியச் சட்டம், 4 மி.மீ. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தகடுகள், கூரையில் ஒரு சாளரம், தள்ளுகதவு ஒன்று என்று எல்லாம் அட்டைப்பெட்டிகளில் வந்திறங்கியுள்ளன. விளக்கநூலில் சொற்களே இல்லை, படங்கள் மட்டுமே. அடிச்சட்டத்தை மண்மேல் வைத்து, நான்கு மூலைகளிலும் முளை அடித்தால் போதும் என்று அப்படங்கள் காட்டுகின்றன. ஆனால் எங்கள் வளவு முழுவதும் களிமண். வேலிப் பக்கமாக ஒரு சாண் சரிவும் இருக்கிறது. இப்படிப்பட்ட நிலத்தில் அடித்தளம் இல்லாமல் நிறுத்தலாமா? தகடுகளில் எந்தப் பக்கம் வெளியே வரவேண்டும்? தொட்டியில் வளரும் கறிவேப்பிலையை இதற்குள் வைத்தால் குளிர்காலம் முழுவதும் தாங்குமா? அனுபவம் உள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

ரெடிங் கோவைக்காரன்

வணக்கம் அக்கா. களிமண்ணில் வெறும் முளையை நம்பவேண்டாம் என்பதே என் கருத்து. இலண்டன் களிமண் மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி உப்பும், கோடையில் காய்ந்து சுருங்கிப் பிளக்கும். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவான அந்தக் கோடையில், தென்கிழக்கு இங்கிலாந்தின் புல்வெளிகள் எப்படி வெடித்துக் கிடந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஒரு மூலை மட்டும் அரை அங்குலம் இறங்கினாலும் சட்டம் கோணிக்கொள்ளும். முதலில் கதவு சிக்கும். பிறகு தகடுகள் காடியிலிருந்து நழுவத் தொடங்கும்.

சட்டம் உட்காரும் கோட்டில் மட்டும் ஓரடி அகலத்துக்குப் பள்ளம் எடுங்கள். சரிவின் மேல்பக்கத்தை வெட்டிச் சமன் செய்யுங்கள்; தாழ்ந்த பக்கத்தில் புதுமண்ணைக் கொட்டி உயர்த்தினால் அது பின்னால் அமுங்கும். பள்ளத்தில் 10 செ.மீ. அளவு உடைகல் பரப்பி, திமிசுக்கட்டையால் நன்றாக இடித்து, அதன்மேல் மணல்-சிமென்ட் கலவையில் நடைபாதைக் கற்களைப் பதியுங்கள். ஒவ்வொரு கல்லையும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்து மட்டம் சரியாக இருப்பதால் எதிர்ப்பக்கமும் சரியாக இருக்கும் என்று எண்ணாமல், நீளமான நேர்ப்பலகையைக் குறுக்காக வைத்து அதன்மேலும் பாருங்கள். நடுவே மண் திறந்தே இருக்கட்டும். பாவற்கொடியை நேரடியாக நிலத்தில் நடலாம், தண்ணீரும் தேங்காது.

அடுத்தது மூலைவிட்டம். அளவு சரியாக 6 அடிக்கு 8 அடி என்றால் மூலைவிட்டம் 10 அடி வரவேண்டும். ஆனால் கிட்களின் உண்மையான அளவு பெட்டியில் அச்சிட்டிருப்பதிலிருந்து சற்று மாறும். எடுத்துக்காட்டாக, அடிச்சட்டம் 190 செ.மீ.க்கு 252 செ.மீ. என்றால் மூலைவிட்டம் ஏறத்தாழ 315.6 செ.மீ. எந்த அளவாக இருந்தாலும் இரு மூலைவிட்டங்களும் ஒத்துப்போகவேண்டும், 3 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். அதுவரை எந்த நட்டையும் இறுக்கவேண்டாம், கையால் திருகி நிறுத்தினால் போதும். இன்னொன்று: செடிகளுக்குத் தட்டு மாட்டும் எண்ணம் இருந்தால், அதற்கான போல்ட்டுகளின் தலையைச் சட்டத்தின் காடிக்குள் இப்போதே நுழைத்துவிடுங்கள். முனைகளைப் பூட்டியபின் சாதாரணச் சதுரத்தலை போல்ட் அதற்குள் போகாது.

ஈஸ்ட்ஹாம் தோட்டம்

மேலே சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். இவ்வளவு சிறிய, எடை குறைந்த குடிலுக்குக் கல்பதிப்பு கட்டாயம் இல்லை. அழுகலைத் தடுக்கும் மருந்தேற்றிய தடித்த மரக்கட்டைகளால் ஒரு சட்டம் செய்து, அதை உடைகல் பரப்பின்மேல் சமமாக வைத்து, அலுமினிய அடிச்சட்டத்தை அதில் திருகினாலும் நிற்கும். பின்னால் எங்காவது சாய்ந்தால் கட்டைக்கு அடியில் ஆப்பு வைத்துத் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் மரமானாலும் கல்லானாலும் குடிலை நிலத்தோடு பிணைப்பது முக்கியம். இந்தக் குடில்களைக் காற்று தள்ளிக் கெடுப்பதைவிடத் தூக்கிக் கெடுப்பதே அதிகம். மரச்சட்டமாயின் மூலைகளில் இரும்புக் கம்பி இறக்கிக் கொங்கிரீட் போட்டுக் கட்டுங்கள்.

தகடுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு முகத்தில் மட்டுமே புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இருக்கும். அச்சிட்ட பாதுகாப்புத்தாள் எந்த முகத்தில் ஒட்டியிருக்கிறதோ அந்த முகம் வெயிலைப் பார்க்கவேண்டும். தாளை உரித்துவிட்டால் இரு முகங்களையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆகவே உரிப்பதற்கு முன்பே ஓரத்தில் பேனாவால் ஒரு குறி இடுங்கள். முகம் மாறிப்போன தகடு சில ஆண்டுகளில் மஞ்சளாகி, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். உள்ளிருக்கும் குழல்கள் மேலிருந்து கீழாக ஓடவேண்டும். மேல்முனையை அலுமினிய ஒட்டுநாடாவால் அடைத்து, கீழ்முனையில் ஈரம் வெளியேறும்படியான துளைநாடாவை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் உள்ளே பாசி படர்ந்து பச்சைக் கோடுகள் விழும்.

தகட்டை எங்கும் இறுக்கிப் பிடிக்கவேண்டாம். பாலிகார்பனேட் வெப்பத்தில் நீளும்: 180 செ.மீ. தகடு ஒன்று 40 பாகை மாற்றத்துக்கு ஏறத்தாழ 5 மி.மீ. நீண்டு சுருங்கும். அதே வேளையில், 4 மி.மீ. தகடு மெல்லியது, நடுவில் காற்று அழுத்தினால் வில்லாக வளைந்து காடியைவிட்டு வெளியே வந்துவிடும். காடி நெடுகச் சிறிது சிலிக்கன் இட்டால் இரண்டுக்கும் ஈடு கொடுக்கும். வினிகர் வாடை வரும் சிலிக்கன் பாலிகார்பனேட்டை அரிக்கும். நடுநிலை வகையைக் கேட்டு வாங்குங்கள். 2022 பிப்ரவரி 18 அன்று யூனிஸ் புயலில் ஐல் ஆஃப் வைட்டின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 122 மைல் வேகம் பதிவானது. ஹரோவுக்கு அவ்வளவு வராது என்றாலும், அதில் பாதி வேகம் போதும், பிடிப்பில்லாத கூரைத்தகட்டை அடுத்த வீட்டுக்கு அனுப்ப.

நியூமோல்டன் பாவை

கறிவேப்பிலையைப் பற்றி நான் கூறுகிறேன். வெப்பமூட்டி இல்லாத குடில் இரவில் ஏறக்குறைய வெளிவெப்பநிலைக்கே இறங்கிவிடும். பகலில் கிடைக்கும் சூடு விடியும்வரை நிற்காது. உங்கள் குடிலின் சுவரும் கூரையும் சேர்ந்து சுமார் 19 சதுர மீட்டர் வரும். 4 மி.மீ. இரட்டைச் சுவர்த் தகட்டில் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வேறுபாட்டுக்கு, ஏறத்தாழ 4 வாட் வெளியேறும். வெளியே 0 பாகையாக இருக்கும்போது உள்ளே 10 பாகை வேண்டுமென்றால் 760 வாட். இடுக்குகளில் கசிவதையும் சேர்த்தால் 1 கிலோவாட் வெப்பமூட்டி இரவெல்லாம் ஓடவேண்டியிருக்கும். ஒற்றைக் கண்ணாடியாக இருந்திருந்தால் இன்னும் கூடுதலாகச் செலவாகும். ஒரு செடிக்காக இந்த மின்கட்டணம் கட்டுவது நியாயமாகத் தோன்றவில்லை. அக்டோபரில் தொட்டியை வீட்டுக்குள், தெற்கு சன்னலருகே எடுத்து வைத்து, மே மாதம் பிறந்ததும் குடிலுக்குக் கொண்டுபோங்கள். பாவல், புடோல், கத்தரி, மிளகாய் ஆகியவற்றுக்குத்தான் குடில் கோடைமுழுதும் பெரும் துணை.

வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் வைப்பதாக இருந்தால், இங்கிலாந்தில் திட்ட அனுமதி இல்லாமல் கட்டக்கூடிய உயரம் 2.5 மீட்டர். உங்கள் குடில் அதற்குள் அடங்கும். அடியில் சுவர் எழுப்பினால் மட்டும் அளந்து பாருங்கள்.

ஹரோ வளவு

மூவருக்கும் மிக்க நன்றி. நடைபாதைக் கற்களே எங்களுக்கு ஏற்றது என்று முடிவு செய்துள்ளோம். கூரையில் இருப்பது 2 அடிக்கு 2 அடி சாளரம் ஒன்றுதான். பாவலும் புடோலும் வைப்பதற்கு அது போதுமா?

ஈஸ்ட்ஹாம் தோட்டம்

போதாது, தங்கச்சி. தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு கூரைச்சாளரம் வேண்டும் என்பது இங்கே தோட்டக்காரர்கள் பின்பற்றும் கணக்கு. 48 சதுர அடித் தரைக்கு ஒன்பதரைச் சதுர அடிக்கு மேல் தேவைப்படும். உங்களிடம் இருப்பது 4. அதே நிறுவனம் தனியாக விற்கும் இன்னொரு சாளரத்தை, கூரைத்தகடுகளைப் போடுவதற்கு முன்பே எதிர்ச்சரிவில் மாட்டிவிடுங்கள். இரண்டுக்கும் மெழுகு உருளையில் இயங்கும் தானியங்கித் திறப்பானைப் பொருத்துங்கள். சூட்டில் மெழுகு விரிந்து தண்டைத் தள்ளும், மின்சாரம் தேவையில்லை. ஆனால் அதற்கு வெப்பம் மட்டுமே தெரியும், காற்று தெரியாது. பலத்த காற்று எச்சரிக்கை வரும் நாளில் தண்டைக் கழற்றிவிட்டுச் சாளரங்களைத் தாழிட்டுக் கதவையும் மூடிவையுங்கள்.