கிராமத்து முதுமையை எதை வைத்து அளப்பது?

நடைவண்டி:
கிராமத்து முதியவர்களைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை என்று குறித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், அந்த அம்மா கடைசியாக யாரோடு உட்கார்ந்து பேசினார் என்று கேட்பதே இல்லை. 2010இல் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்ததில், நெருங்கிய உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்று வந்தது. இன்னும் என்ன வேண்டும்?

கணக்கன்:
நிறைய வேண்டும். முட்டி வலியால் வாசலைத் தாண்ட முடியாதவர் தனியாகத்தான் இருப்பார். தனிமையால் உடம்பு கெட்டதா, உடம்பு கெட்டதால் தனிமையா? ஒரே ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வந்தால் இது தெரியாது. மருத்துவரையே பார்க்காதவரிடம் உடல்நிலை எப்படி என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார், கையில் பட்டையைச் சுற்றினால்தான் அழுத்தம் ஏறிக் கிடப்பது தெரியும். அதனால் எனக்கு அளவுதான் முதலில்.

நடைவண்டி:
அளவு என்றால் எந்த அளவு? நினைவாற்றல், சிந்தனைத் திறன் குறைந்திருக்கிறதா என்று பார்க்க 1975இல் வந்த மினி மென்டல் பரிசோதனையில் 100லிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பள்ளிக்கூடமே போகாத ஒருவர் இதில் தோற்றால் அது மறதி நோயா, எழுதப் படிக்கக் கிடைக்காத குழந்தைப் பருவமா? இதற்காகத்தான் ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில், படிக்காதவர்களுக்கு ஏற்ற மாதிரி இந்தியில் வேறொரு பரிசோதனையையே உருவாக்கினார்கள். சமூகக் காரணத்தை ஒதுக்கிவிட்டு எடுத்த அளவு உங்கள் அளவாகவே இருக்காது.

வெண்பலகை:
இரண்டு பேரும் ஏன் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்கிறீர்கள்? தென்னாப்பிரிக்காவின் அகின்கோர்ட் கிராமப் பகுதியில் 2014-15இல் 40 வயதுக்கு மேற்பட்ட சுமார் 5,000 பேரிடம் ரத்தமும் எடுத்தார்கள், யார் யாரோடு பழகுகிறீர்கள் என்றும் கேட்டார்கள். காது மந்தமாவதை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு சரியாக விழாததால் கூட்டத்தில் உட்காரப் பிடிக்காமல் போகும், மற்றவர்களும் திரும்பத் திரும்பச் சொல்ல அலுத்து விட்டுவிடுவார்கள். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024இல் மறதி நோய்க்குச் சொன்ன 14 காரணிகளில் செவித்திறன் குறைவும் இருக்கிறது, சமூகத் தனிமையும் இருக்கிறது. இதில் எது உடல், எது சமூகம்?

கணக்கன்:
சரி, காது விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், படிப்பு விஷயத்தையும். ஆனால் அதே ஆட்களிடம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போகாவிட்டால் எது முந்தி வந்தது என்று பிரிக்கவே முடியாது. இன்னொன்று, உடம்பு முடியாமல் போனவர்களைப் பிள்ளைகள் நகரத்துக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள், அடுத்த தடவை போகும்போது ஊரில் மிஞ்சியவர்கள் திடமானவர்களாகவே தெரிவார்கள். போனவர்களின் முகவரியையும் வாங்கி அங்கேயும் போக வேண்டும்.

நடைவண்டி:
அதற்கு நான் எதிரி இல்லை. போகிற இடத்தில் புது வீட்டில் பேச ஆள் இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.