தேய்ஞ்ச கதவுப் பூட்டு: பின் ஏறுது, உடனே கொட்டிடுது

குடமுருட்டி:
கும்பகோணத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கின 5 பின் (சாவி தூக்கி விடுற குட்டி உலோகக் குச்சி) கதவுப் பூட்டு. சாவி கிடையாது, வைஸில் (மேசைப் பிடிப்பான்) மாட்டி, கருவியால திறக்கப் பழகுறேன். ரேக் (எல்லாப் பின்னையும் சேர்த்து உரசுற அலைநுனிக் கம்பி) போட்டா சில சமயம் 5 வினாடியில் திறக்குது. ஹூக்கால (வளைஞ்ச நுனிக் கம்பி) ஒவ்வொண்ணா தூக்கினா மூணாவது பின்னுக்குள்ள எல்லாம் கொட்டிடுது. பின்கள் இறுகுற வரிசையும் தடவைக்குத் தடவை மாறுது. பிளக் (சாவியோட சுத்துற உள் உருளை) வேற ஆடுது. கோளாறு என் கையிலயா, பூட்டுலயா?

அரசலாறு:
ரெண்டுலயும். பூட்டுக்குள்ள பின் உட்காருற துளைகள் அச்சு அசலா ஒரே நேர்கோட்டில் இருக்காது. அந்த மயிரிழை விலகலாலதான் ஒரு நேரத்துல ஒரு பின் மட்டும் இறுகும். தேய்ஞ்ச பூட்டுல பிளக்கே சாய்ஞ்சு உட்காரும். டென்ஷன் கம்பி (பிளக்கைத் திருப்ப அழுத்தம் கொடுக்கிறது) கொஞ்சம் நகர்ந்தாலும் சாய்வு மாறும், வரிசையும் மாறும். அதனால கம்பி சாவித்துளைக்குள்ள ஆடாம இறுக்கமா நிக்கணும். பழைய வைப்பர் பிளேடுக்குள்ள இருக்கிற எஃகுப் பட்டை இதுக்கு நல்லா வரும். அழுத்தம் விரல் நுனி கனம் போதும். கூடுதலா அழுத்தினா ரெண்டு மூணு பின் சேர்ந்து இறுகும், தூக்க முடியாம கையைத் தளர்த்துவீங்க, ஏறினதெல்லாம் இறங்கும். உங்க கொட்டல் இதுதான்.

வெண்ணாறு:
அதுக்கு முன்னாடி பிளக்கை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்க தம்பி. ஆடினா பிளக்கைப் பின்பக்கம் பிடிச்சிருக்கிற சி-கிளிப்போ (C வடிவ வளையம்) திருகோ தளர்ந்திருக்கும். அதைச் சரி பண்ணினாலே பாதி ஆட்டம் போயிடும்.

ஸ்பிரிங்கையும் சந்தேகப்படுங்க. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காத்துல பித்தளைப் பின் தாங்கும், மலிவான இரும்பு ஸ்பிரிங் தாங்காது. துருப்பிடிச்ச ஸ்பிரிங் பின்னைக் கீழே தள்ளாது. விரலுக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க அளவுக்கு மீறித் தூக்கிடுவீங்க. அழுத்தத்தை மெல்ல மெல்லத் தளர்த்தி 'டிக்' சத்தத்தை எண்ணுங்க. அத்தனை பின் இறங்கியிருக்கு.

தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீங்க, எங்க ஊர்ல எல்லாரும் பண்ற தப்பு. அறுவடைத் தூசியோட சேர்ந்து பிசினாகிடும். கழுவிக் காய வச்சு, பென்சில் கரித்தூள் கொஞ்சம் போதும்.

அரசலாறு:
பிரிக்கிறதா இருந்தா, முதல்ல கருவியால திறந்து (பிக் பண்ணி) லேசாத் திருப்பி வச்சுக்கங்க. அப்புறம் பிளக்கை வெளியே எடுக்கும்போதே, அதே விட்டத்தில் ஒரு மர உருளையை இடைவெளி விடாம பின்னாலேயே தள்ளணும். வெர்னியர்ல (நுண் அளவுகோல்) அளந்துக்கங்க. உருளை சின்னதா இருந்தா மேல் பின்னும் (ஒவ்வொரு துளையிலும் ரெண்டு அடுக்குப் பின்னுல மேலே இருக்கிறது) ஸ்பிரிங்கும் தரையில தேட வேண்டியதுதான்.

திறந்த பிறகு பிளக்கை அரைச்சுற்று திருப்பாதீங்க. மேல் பின்கள் சாவித்துளைக்குள்ள இறங்கி நின்னுடும். நின்னுட்டா, மெல்லிய தகடு ஒண்ணைச் சொருகி அதுங்களை மேலே தள்ளிக்கிட்டே திருப்பணும். குடியிருக்கிற வீட்டுக் கதவுல இந்தப் பழக்கம் கூடாதுங்கிறது இதுக்காகத்தான், சொந்த வீடா இருந்தாலும்.

குடமுருட்டி:
திண்டுக்கல் பூட்டுக்கும் இதே முறைதானா சார்?

வெண்ணாறு:
இல்லை. அது லீவர் பூட்டு, உள்ளே தகடுகள், பின்னே கிடையாது. கருவியும் வேற, அதுக்குத் தனி இழை (புதுக் கேள்வி) ஆரம்பிங்க.