சர்க்கரை நோயாளியின் விழித்திரையைப் பொது மருத்துவர் பார்க்கலாமா?

கெடிலக்கரை (பொது மருத்துவர், கடலூர்):

மஞ்சக்குப்பத்தில் 20 ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்த்துவருகிறேன். சென்ற மாதம் நடந்ததைச் சொல்லிவிட்டு என் கருத்தை வைக்கிறேன். 9 ஆண்டுகளாக என்னிடம் சர்க்கரைக்கு மருந்து வாங்கிவரும் 51 வயதுப் பெண்மணி, துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவர், "விடியற்காலையிலிருந்து வலது கண்ணில் மை கொட்டியதுபோல் இருக்கிறது டாக்டர்" என்று வந்து நின்றார். கண்ணுக்குள் பார்க்க உதவும் ஆப்தல்மாஸ்கோப் என்ற கைக்கருவியின் ஒளியைப் பாய்ச்சினால் கண்ணின் பாப்பாவில் தெரியவேண்டிய சிவந்த ஒளிர்வு அந்தக் கண்ணில் இல்லை. விழித்திரையில் புதிதாக முளைத்த இரத்தக் குழாய்கள் உடைந்து உள்ளே இரத்தம் பரவியிருந்ததைக் கண் மருத்துவமனையில் உறுதிசெய்தார்கள்.

இந்த 9 ஆண்டுகளில் மாதந்தோறும் அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்தேன், பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், கண்ணுக்குள் மட்டும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கண் மருத்துவரிடம் போகும்படி சீட்டு எழுதிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்ததென்று இருந்துவிட்டேன். அவர் போகவில்லை. சர்க்கரையால் வரும் விழித்திரை நோய் நடுப்பகுதியைத் தொடும்வரையிலோ இரத்தம் கசியும்வரையிலோ பார்வையைக் குறைப்பதில்லை என்பதால், நன்றாகத் தெரிகிற கண்ணுக்காக ஒரு நாள் ஏலத்தை விட முடியாது என்று அவர் நினைத்ததில் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

அன்றிலிருந்து சர்க்கரை நோயாளிகளுக்கு நானே பாப்பாவை விரிக்கும் ட்ரோபிகமைட் சொட்டு விட்டு, 20 நிமிடம் உட்காரவைத்து, விழித்திரையைப் பார்க்கிறேன். பொது மருத்துவர்கள் எல்லோரும் இதைச் செய்யவேண்டும் என்பது என் கருத்து.

முத்தியால்பேட்டை (விழித்திரை மருத்துவர், புதுச்சேரி):

ஐயா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நீங்கள் சொல்லும் வழியை என்னால் ஏற்க முடியவில்லை. கையில் பிடித்துப் பார்க்கும் ஆப்தல்மாஸ்கோப் விழித்திரையை ஏறக்குறைய 15 மடங்கு பெரிதாகக் காட்டும். ஆனால் ஒரு நேரத்தில் 5 பாகை அளவுள்ள சிறு வட்டத்தைத்தான் காட்டும். சாவித்துவாரம் வழியாக ஒரு கூடத்தைப் பார்ப்பதுபோன்ற காரியம் இது. ஒற்றைக் கண்ணால் பார்ப்பதால் மேடு பள்ளம் தெரியாது. நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்கியிருந்தாலும் அது தட்டையாகவே தோன்றும். விழித்திரையின் ஓரங்களோ அந்தக் கருவிக்கு எட்டவே எட்டாது.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நினைவூட்டுகிறேன். தலைவலி, பார்வைக் கோளாறு, மிகை இரத்த அழுத்தம் போன்ற காரணங்களுக்காக அவசரப் பிரிவுக்கு வந்த 350 பேரில், அங்கிருந்த மருத்துவர்கள் இந்தக் கருவியால் பார்த்தது 48 பேரை மட்டுமே. விழித்திரைப் படம் எடுத்துப் பார்த்தபோது 44 பேருக்குச் சிகிச்சையையே மாற்றக்கூடிய அடையாளங்கள் இருந்தன. அவற்றில் அந்த மருத்துவர்கள் தாமாகக் கண்டுபிடித்தது ஒன்றுகூட இல்லை.

பார்க்காமல் விடுவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. "கண் நார்மல்" என்று எழுதிய சீட்டோடு ஒருவர் என்னிடம் வந்தார். சொட்டு மருந்து விடாமலே யாரோ பார்த்து எழுதிய சீட்டு அது. அந்த இரண்டு சொற்களை நம்பி அவர் ஒன்றரை ஆண்டு கண் மருத்துவரிடம் போகவில்லை. லேசர் சிகிச்சைக்கு உரிய காலம் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. சீட்டே இல்லாமல் இருந்திருந்தால் அவர் மகளாவது வற்புறுத்தி அழைத்து வந்திருப்பாள்.

பாகூர் செவிலி:

டாக்டர் அம்மா குறிப்பிட்ட ஆய்வுக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. அடுத்த கட்டத்தில் அதே போன்ற மருத்துவர்களிடம் கருவிக்குப் பதிலாக விழித்திரைப் படங்களைக் கொடுத்தார்கள். பெரிய பயிற்சி எதுவும் தராமலே, 35 பேரிடம் இருந்த அடையாளங்களில் 16 பேருடையதை அவர்கள் கண்டுகொண்டார்கள். பாதிகூட இல்லைதான், ஆனால் பூச்சியத்திலிருந்து 16 என்பது எத்தனை குடும்பங்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆகவே கேமரா வேண்டும் என்பது என் கட்சி. 45 பாகைப் படத்தில் பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டமும் நடுப்பகுதியும் சேர்ந்தே விழுகின்றன. படத்தை நாங்கள் எடுக்கலாம், கண் மருத்துவர் தம் இடத்திலிருந்தே பார்க்கலாம். படத்தைப் பார்த்து நோயைக் கண்டறியக் கணினியைப் பழக்கிய ஆய்வு ஒன்று 2016இல் வெளியானபோது, அதில் நம் அரவிந்த் மருத்துவமனையிலும் சங்கர நேத்ராலயாவிலும் எடுத்த படங்களும் இருந்தன.

குறையையும் சொல்லிவிடுகிறேன். முகாமில் 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சொட்டு விடாமல் எடுத்த படங்கள் பல, கண்புரையாலும் சுருங்கிய பாப்பாவாலும் பனிமூட்டம் போலத்தான் வந்தன. அவர்களை அன்றே திரும்ப உட்காரவைத்துச் சொட்டு விட்டு எடுக்கவேண்டும். எடுக்காமல் அனுப்பிவிட்டால் மறுபடி பிடிக்க முடியாது.

இரவுப் பணி (அவசரப் பிரிவு மருத்துவர், புதுச்சேரி):

கேமரா வரும்வரை நாங்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கிறேன். மூன்று வாரத் தலைவலியும் விடியற்கால வாந்தியுமாக 19 வயதுப் பெண் ஒருத்தியை இரவு 2 மணிக்கு அழைத்து வந்தார்கள். விளக்கை அணைத்தேன். எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிரு தங்கச்சி என்று சொல்லிவிட்டு, அவளுடைய வலது கண்ணை என் வலது கண்ணால், கருவியை வலக்கையில் பிடித்துப் பார்த்தேன். ஒரு முழத் தொலைவில் சிவந்த ஒளிர்வைப் பிடித்து, பொட்டுப் பக்கத்திலிருந்து சற்றுச் சாய்வாக, என் நெற்றி அவள் நெற்றியை ஏறக்குறையத் தொடும்வரை நெருங்கினேன். முதலில் கிடைத்தது ஒரே ஒரு இரத்தக் குழாய். குழாய் கிளை பிரியும் கவட்டின் முனை எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் நரம்பு வட்டம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனேன். வட்டத்துக்கு விளிம்பே இல்லை. தண்ணீர் பட்ட மையெழுத்தைப்போல் ஓரம் கலைந்து, அதன்மேல் ஏறும் குழாய்கள் இடையிடையே மறைந்தன. தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு விழித்திரையின் ஓரம் தேவைப்படவில்லை, 45 பாகையும் தேவைப்படவில்லை. இரவோடு இரவாகத் தலைக்கு ஸ்கேன் எடுக்க அந்த ஒரு வட்டம் போதுமானதாக இருந்தது.

இந்தக் கருவியை 1851இல் உலகுக்கு அறிவித்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண் மருத்துவர் அல்லர், உடலியங்கியல் பேராசிரியர். நாம் பார்க்கும்போது பாப்பா ஏன் கறுப்பாகத் தெரிகிறது, உள்ளே போன ஒளி வந்த வழியே திரும்புவதால் பார்ப்பவர் கண்ணுக்கு ஏன் எட்டுவதில்லை என்று யோசித்து, சாய்ந்த கண்ணாடித் தகட்டின் வழியாக அந்த ஒளியைப் பிடித்தார். கண் மருத்துவர் அல்லாதவருக்கு இதில் இடமில்லை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள இயலாது.

முத்தியால்பேட்டை:

இரவுப் பணி தம்பி, நீங்கள் செய்தது முழுக்கச் சரி. நரம்பு வீக்கத்தைத் தேடுவது வேறு, சர்க்கரை நோயைச் சல்லடை போடுவது வேறு. முன்னதில் ஓர் இடத்தைப் பார்த்து ஒரு கேள்விக்கு விடை தேடுகிறீர்கள். பின்னதில், குண்டூசித் தலையளவு இரத்தப் புள்ளி எந்த மூலையிலும் இல்லை என்று ஒருவருக்கு உறுதி சொல்லவேண்டியிருக்கிறது. கெடிலக்கரை ஐயாவுடன் எனக்குள்ள வழக்கு அந்த இரண்டாவதைப் பற்றியதுதான்.

சொட்டு மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலையில் அடிபட்டு வந்தவருக்கு விடவே கூடாது. பாப்பாவின் அளவை மணிக்கு மணி பார்க்கவேண்டியவர் அவர். மற்றவர்களுக்கும் முதலில் பொட்டுப் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பாப்பாவைச் சுற்றிய நிற வளையத்தில் மூக்குப் பக்கம் நிழல் விழுந்தால் கண்ணின் முன்னறை குறுகலாக இருக்கலாம். சொட்டு விடாமல் எங்களிடம் அனுப்பிவிடுங்கள். அப்படிக் கண்ணின் அழுத்தம் திடீரென ஏறுவது மிக அரிது என்றாலும், நேர்ந்தால் அது அவசர நிலை.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்:

நான் மருத்துவன் அல்லன். என் அப்பாவுக்கு ஓர் இடத்தில் சொட்டு விட்டார்கள். நான்கைந்து மணி நேரம் கூசும், எழுத்து தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. நண்பகல் வெயிலில் பைக்கை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு முன்பே ஓரமாக நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். யார் பார்த்தாலும் சரி, துணைக்கு ஆள் அழைத்து வரும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள் ஐயா.

கெடிலக்கரை:

தம்பி சொன்னதை நாளையே வரவேற்பில் எழுதி ஒட்டுகிறேன். டாக்டர் அம்மா, சாவித்துவாரம் என்றீர்கள், அது உண்மைதான். ஆனால் நான் சீட்டு மட்டும் கொடுத்த காலத்தில் போகாதவர்கள், இப்போது போகிறார்கள். நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவரிடம், "உங்கள் கண்ணுக்குள் இரண்டு சிவப்புப் புள்ளிகளை இப்போதுதான் பார்த்தேன்" என்று சொன்னேன். மறுநாள் காலை முதல் பேருந்தில் புதுச்சேரிக்குப் போய்விட்டார். நான் பார்ப்பது நோய் இல்லையென்று சொல்வதற்காக அன்று. இருப்பதைக் கண்டால் அன்றே அனுப்பலாம், காணாவிட்டாலும் ஆண்டுக்கொருமுறை அனுப்பத்தான் வேண்டும். செவிலி அம்மா சொல்லும் கேமரா என் மருத்துவமனைக்கு வரும் நாளில் கருவியை நானே பெட்டியில் வைத்துவிடுவேன்.

முத்தியால்பேட்டை:

காணாதவர்களையும் அனுப்புவீர்கள் என்றால் என் மறுப்பில் பாதி போயிற்று. மீதிப் பாதி உங்கள் சீட்டில் இருக்கிறது. "நார்மல்" என்ற சொல்லை அதில் எழுதாதீர்கள். "நரம்பு வட்டமும் அதைச் சுற்றிய பகுதியும் மட்டும் பார்க்கப்பட்டன, ஓரங்கள் பார்க்கப்படவில்லை" என்று தமிழில் எழுதி, கண் மருத்துவரிடம் போகவேண்டிய மாதத்தையும் குறியுங்கள். சர்க்கரையோடு கருவுற்றிருக்கும் பெண்ணாக இருந்தால் மாதம் குறிக்கவேண்டாம், அந்த வாரமே அனுப்புங்கள். கர்ப்பக் காலத்தில் இந்த நோய் வேகமெடுக்கும்.

கெடிலக்கரை:

அச்சகத்தில் கொடுத்திருந்த சீட்டை நிறுத்திவைத்திருக்கிறேன். அந்த வரியைச் சேர்த்து, அதன் கீழே மாதத்துக்கு ஒரு கட்டம் போடச் சொல்கிறேன்.