அமெரிக்க மோர்ஸ்: இடைவெளிகளைக் காதால் பிரித்தறிய உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க இரயில்வேத் தந்தியில் நெடுங்காலம் வழங்கிய, எழுத்துகளைப் புள்ளி, கோடுகளால் குறிக்கும் பழைய மோர்ஸ் குறியீட்டைக் கற்று வருகிறேன். பன்னாட்டு மோர்ஸ் எனக்குப் பழக்கமே. அதில் ஓர் எழுத்துக்குள் வரும் இடைவெளிகள் யாவும் ஒரே அளவு. அமெரிக்க முறையிலோ ஆங்கில 'ஐ' (I) என்பது இரு புள்ளிகள், 'ஓ' (O) என்பது சற்றே விலகிய இரு புள்ளிகள், ஒற்றைப் புள்ளியான 'ஈ' (E) இரண்டு அடுத்தடுத்து வந்தால் இன்னும் கொஞ்சம் விலகிய இரு புள்ளிகள்! போதாக்குறைக்கு, தந்திச் செய்தியைத் தட்டொலியாகக் கேட்கச் செய்யும் சவுண்டர் கருவியில் தொடர்ந்த ஒலி கிடையாது; நெம்புகோல் இறங்கும்போது ஒரு தட்டும் ஏறும்போது ஒரு தட்டும் மட்டுமே கேட்பதால், இடைப்பட்ட நேரத்தை வைத்தே புள்ளியா கோடா என்று அறிய வேண்டியுள்ளது. தந்தி அலுவலகத்தில் சவுண்டர் கேட்டுப் பழகிய பெரியவர்கள் இக்குழுவில் இருந்தால், எல்லாவற்றையும் மெதுவாகக் கேட்டுத் தொடங்குவதா, எழுத்தை விரைவாக ஒலிக்கச் செய்து எழுத்துகளுக்கிடையே மட்டும் இடைவெளியை நீட்டிக்கொள்வதா, எது பயன் தரும் என்று தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.