மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஒரே இடத்தில் நிற்கிறது, உதவுங்கள்

கரைக்கணக்கு | அக்டோபர் 19, இரவு 11.52

அவசரம். இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. எட்டு மாதிரித் தேர்வு எழுதிவிட்டேன். 48, 51, 46, 50, 47, 52, 49, இன்று மறுபடியும் 48. ஒரு வாரம் இரண்டு ஏறினால் மறுவாரம் மூன்று இறங்குகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் படிக்கத் தொடங்கினேன், பாடம் எல்லாம் ஒரு சுற்று முடித்தாயிற்று. எம்.பி.ஏ.வுக்கு வீட்டில் இன்னோர் ஆண்டு கேட்க முடியாது. என்ன செய்தால் ஏறும்?

தொண்டிக்காரி | அக்டோபர் 20, காலை 6.15

தம்பி, எந்தத் தேர்வு என்றே சொல்லவில்லையே. தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் என்றால் 100 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 48 என்பதற்குப் பொருளே வேறு. ஆறு வாரம் என்பதைப் பார்த்தால் நவம்பர் 30 நடக்கும் ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்வான கேட் (CAT) ஆகத்தான் இருக்கும். மூன்று பகுதியிலும் தனித்தனியாக எவ்வளவு வருகிறது?

சொல்வளம் | காலை 7.02

எந்தத் தேர்வானாலும் ஆங்கிலச் சொல்வளம்தான் அடிப்படை. நாளைக்கு முப்பது சொல் எழுதிப் படியுங்கள். ஆறு வாரத்தில் ஆயிரத்துக்கு மேல் வந்துவிடும். எனக்கு வழிகாட்டியது அதுதான்.

வேகக்கணிதம் | காலை 7.40

கணக்கில் வேகம் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். 30 வரை வர்க்கம், 20 வரை கனம், பின்னங்களின் சதவீதம் எல்லாம் மனப்பாடமாக இருக்கிறதா? பெருக்கலைக் காகிதத்தில் போடுகிறவர்கள் எப்போதும் பின்தங்குவார்கள்.

விடைத்தாள் | காலை 8.30

இந்தக் கேள்வி ஒவ்வோர் அக்டோபரிலும் வருகிறது. ஒவ்வொரு முறையும் நானே பதில் எழுதுகிறேன். மாதிரித் தேர்வு என்பது தெர்மாமீட்டர். அதை எட்டு முறை வாயில் வைத்தால் காய்ச்சல் இறங்காது. அடிப்படை உறுதியானவர்கள் மட்டுமே மாதிரித் தேர்வுக்கு வர வேண்டும். ஆறு வாரம் இருக்கும்போது தொடங்கும் ஆய்வை ஆறு மாதம் முன்பே செய்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடுவதே பொறுப்பான முடிவு.

கீழக்கரை காக்கா | காலை 9.10

எந்தத் தேர்வு என்று தெரியாமலே அடுத்த ஆண்டுக்கு அனுப்பிவிட்டீர்களே ஐயா. தம்பி, தொண்டி சகோதரி கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். அதோடு ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை எழுதினீர்கள், எத்தனை சரி, எத்தனை தவறு, தவறானவற்றில் விடையைத் தட்டச்சு செய்யும் கேள்வி எத்தனை என்பதும் வேண்டும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

கரைக்கணக்கு | இரவு 10.20

மன்னிக்கவும், கேட்தான். நேற்று எழுதியதன் கணக்கு:

வாசிப்பு: 24 கேள்வியும் எழுதினேன். 11 சரி, 13 தவறு. தவறில் 2 தட்டச்சு. மதிப்பெண் 22.
தரவும் தர்க்கமும்: 9 எழுதினேன். 4 சரி, 5 தவறு. மதிப்பெண் 7.
கணக்கு: 20 எழுதினேன். 9 சரி, 11 தவறு. தவறில் 3 தட்டச்சு. மதிப்பெண் 19.

கீழக்கரை காக்கா | இரவு 11.05

இதைத்தான் கேட்டேன். சரியான விடைக்கு 3, கொடுத்த விடைகளில் தவறானதைக் குறித்தால் மைனஸ் 1, தட்டச்சு விடை தவறானால் மைனஸ் இல்லை. உங்கள் 24 சரியான விடைகளுக்கு 72 மதிப்பெண். வாசிப்பில் 11, தர்க்கத்தில் 5, கணக்கில் 8 என்று 24 மதிப்பெண்ணை நீங்களே திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். ஈட்டியதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. தவறுகளில் பாதியைத் தொடாமல் விட்டிருந்தால்கூட 60.

சொல்வளமும் வர்க்கமும் நல்லவைதான். ஆனால் திரையிலேயே கால்குலேட்டர் தருகிறார்கள், பெருக்கல் வேகம் இங்கே நோய் இல்லை.

விடைத்தாள் | இரவு 11.30

காக்காவின் கணக்கில் பிழை இருக்கிறது. நான்கு விடைகள் உள்ள கேள்வியில் கண்ணை மூடிக் குறித்தால் நான்கில் ஒன்று சரியாகும். அது 3 தரும், மற்ற மூன்றும் 3 எடுக்கும். சராசரி பூஜ்யம். ஒரு விடையை உறுதியாகக் கழிக்க முடிந்தால் சராசரி லாபத்துக்கே போகும். எனவே மைனஸ் மதிப்பெண்ணின் மேல் பழியைப் போடுவது புள்ளியியல் தெரியாதவர்கள் செய்வது.

கீழக்கரை காக்கா | அக்டோபர் 21, காலை 5.50

கண்ணை மூடிக் குறித்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. தம்பி கண்ணைத் திறந்து, இரண்டு நிமிடம் செலவழித்து, கணக்கைப் போட்டு, அந்த விடையைக் கண்டு மகிழ்ந்து குறிக்கிறார். தவறான விடைகள் சும்மா எழுதப்பட்ட எண்கள் அல்ல. மாணவர்கள் வழக்கமாக எங்கே தடுக்குவார்களோ, அங்கே வரும் விடையையே பக்கத்தில் வைத்திருப்பார்கள். பெரிய இழப்பு நேரம். கணக்குக்கு 40 நிமிடம், 20 கேள்வி, ஒன்றுக்கு இரண்டு நிமிடம். 13 கேள்வியைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் கிடைக்கும். அந்த மூன்றாவது நிமிடத்தில்தான் வினாவைத் திரும்பப் படிக்க முடியும்.

தர்க்கப் பகுதி இன்னும் மோசம். 2024 தேர்வில் 22 கேள்விகளும் ஐந்து தொகுப்பாக வந்தன, ஒரு தொகுப்பு என்றால் ஒரே தரவைச் சுற்றி நான்கைந்து கேள்வி. தம்பி, ஐந்தையும் தொட்டீர்களா?

கரைக்கணக்கு | இரவு 10.45

ஐந்தையும் தொட்டேன் காக்கா. ஒன்றிலும் முழுதாக நிற்கவில்லை.

கீழக்கரை காக்கா | இரவு 11.00

இரண்டே தொகுப்பை முழுதாக முடித்தால் எட்டு முதல் பத்துக் கேள்வி, அதாவது 24 முதல் 30 மதிப்பெண். உங்களுக்கு வந்தது 7. முதல் ஐந்து நிமிடம் எழுதவே எழுதாதீர்கள். ஐந்து தொகுப்பையும் படித்து, எளியது இரண்டை எடுங்கள். மூன்றாவது கிடைத்தால் அது மேலதிகம்.

தொண்டிக்காரி | அக்டோபர் 22, காலை 6.30

எனக்கு வேறொன்று உறுத்துகிறது. பதில் எல்லாம் இரவு பத்துக்கு மேலேயே வருகிறது. மாதிரித் தேர்வை எத்தனை மணிக்கு எழுதுகிறீர்கள்? எதில் எழுதுகிறீர்கள்? எழுதிய பிறகு என்ன செய்கிறீர்கள்?

கரைக்கணக்கு | இரவு 10.30

இரவு ஒன்பதரைக்கு அக்கா. கைபேசியில்தான், வீட்டில் கணினி இல்லை. ஒரு சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், கணக்குப் பார்க்கிறேன். விசைப்படகு கரை பிடிக்கும் நாளில் விடிகாலை மூன்றரைக்கு எழுந்து போக வேண்டும். எடை, ஏலம், ஐஸ், டீசல் கணக்கு எல்லாம் முடிய மதியம் ஆகிவிடும். தேர்வு எழுதிய பிறகு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவேன். முதல் இரண்டு தேர்வு மட்டும் தடைக்காலம் முடிவதற்கு முன், பகலில் எழுதியது.

தொண்டிக்காரி | அக்டோபர் 23, காலை 6.10

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம் தம்பி. ஜூனில் பாடம் முடிக்காமலே, பகலில், 48, 51. இப்போது பாடம் முடித்து, பதினெட்டு மணி நேரம் விழித்த கண்ணோடு, உள்ளங்கை அகலத் திரையில், அதே 48. உங்கள் படிப்பு ஏறியிருக்கிறது. அந்த ஏற்றத்தை அசதி விழுங்குகிறது. கணக்கு கடைசிப் பகுதி, நீங்கள் அதைத் தொடும்போது இரவு பதினொன்று நெருங்கிவிடும். அதில் எட்டு மைனஸ் வராமல் வேறென்ன வரும்?

படகு எந்தெந்த நாள் போகிறது?

கரைக்கணக்கு | இரவு 9.55

திங்கள், புதன், சனி போகும். செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் கரைக்கு வரும்.

தொண்டிக்காரி | அக்டோபர் 24, காலை 6.20

அப்படியானால் திங்கள், புதன், வெள்ளி, சனி காலைகள் உங்களுடையவை. சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஒரு முழுத் தேர்வு, கணினி மையத்தில், பெரிய திரையில். மணிக்கணக்கில் வாடகை கொடுத்தாலும் பரவாயில்லை. திங்களும் புதனும் அந்தத் தேர்வைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் இந்தத் தேர்வை இரண்டு முறை எழுதியவள். முதல் முறை உங்களைப் போலவே மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். இரண்டாம் முறை ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்தேன். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு வரி. பாடம் தெரியாததா, வினாவைத் தவறாகப் படித்ததா, விட்டிருக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டதா? விடையைப் பார்க்காமல், கடிகாரம் இல்லாமல் மறுபடி போட்டுப் பார்ப்பேன். அப்போது சரியாக வந்தால் அது பாடக் குறை இல்லை. என் தவறுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன. முதல் ஆண்டு அது தெரியாமல் பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

தேவிபட்டினம் ஆசிரியர் | காலை 10.15

வாசிப்பில் 13 தவறு என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தம்பி, நன்றாகப் புரிந்தது என்று நினைத்துத் தவறிய பத்தி ஏதாவது நினைவிருக்கிறதா?

கரைக்கணக்கு | இரவு 10.10

இருக்கிறது ஐயா. இழுவலை பற்றிய பத்தி. எங்கள் வீட்டுத் தொழில், ஒரு சொல் கூடத் தெரியாதது இல்லை. நான்கு கேள்வியில் மூன்று தவறு. ஆசிரியர் எதை ஏற்றுக்கொள்வார் என்ற கேள்விக்கு, தடை போட்டால் மீனவர் பிழைப்பு போய்விடும் என்ற விடையைக் குறித்தேன். அது உண்மைதானே?

தேவிபட்டினம் ஆசிரியர் | அக்டோபர் 25, காலை 7.00

உண்மைதான். அந்தப் பத்தியில் இருந்ததா? கேள்வி உங்களிடம் கேட்கப்படவில்லை, எழுதியவரிடம் கேட்கப்படுகிறது. தெரியாத பொருள் என்றால் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படிப்பீர்கள். தெரிந்த பொருளில் பத்தியை விட்டுவிட்டு உங்கள் கரைக்குப் போய்விட்டீர்கள். ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் ஒரு வரியைக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். காட்ட முடியாவிட்டால் அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் குறிக்காதீர்கள். இதைத் தமிழ்க் கட்டுரையில் பழகினாலும் பழக்கம் ஒன்றுதான்.

விடைத்தாள் | காலை 9.20

தமிழில் படித்து ஆங்கிலத் தேர்வு எழுதச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை நாள்தோறும் படிக்க வேண்டும்.

நாட்டுப்படகு | காலை 11.40

பத்தி எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருப்பார். இழுவலை கடலடியை வழித்துக்கொண்டு போகிறது. பாசி, புல், குஞ்சு எதுவும் தப்பாது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி போட்டால் கேட்கவே வேண்டாம். மறுநாள் நாங்கள் வலை விட்டால் சேறுதான் வருகிறது.

விசைப்படகு வீட்டுப்பிள்ளை | பிற்பகல் 1.10

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகைக் கட்டிப்போட்டு உட்கார்ந்திருக்கிறோம். கடன் வட்டி அந்த 61 நாளும் ஓடுகிறது. எல்லாரும் இரட்டைமடி போடுவதாகப் பேசாதீர்கள்.

நாட்டுப்படகு | பிற்பகல் 1.45

தடைக்காலம் முடிந்த முதல் வாரத்திலேயே அத்தனையும் அள்ளிவிட்டால் 61 நாள் எதற்கு? ஆழ்கடலுக்கு மாற 2017இலேயே திட்டம் வந்தது. 80 லட்சம் படகுக்கு 70 விழுக்காடு மானியம். ஏன் போகவில்லை?

விசைப்படகு வீட்டுப்பிள்ளை | பிற்பகல் 2.30

மீதி 30 விழுக்காடு 24 லட்சம். அதை யார் தருவார்கள்? மாதக்கணக்கில் தூண்டில் போடும் தொழிலை யார் கற்றுக்கொடுத்தார்கள்? இழுவலையில் வளர்ந்த ஆளைச் சூரைமீன் பிடிக்கப் போ என்று சொல்வது எளிது.

தொண்டிக்காரி | மாலை 5.00

அண்ணன்மார்களே, இரண்டு பேர் சொல்வதும் எங்கள் ஊரிலும் நடக்கிறது. அதைத் தனியாகப் பேசுவோம். இந்தப் பிள்ளைக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது.

விடைத்தாள் | மாலை 6.15

தம்பி எந்த மாதிரித் தேர்வை எழுதுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. 2019 வரை மூன்று மணி நேரத் தேர்வு. 2020 முதல்தான் பகுதிக்கு 40 நிமிடம் என்று இரண்டு மணி நேரம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய முறைத் தேர்வை எழுதி, புதிய தேர்வுக்கு நேரம் பழகினால் எல்லாம் வீண்.

கீழக்கரை காக்கா | மாலை 6.40

இது நல்ல கேள்வி ஐயா, எனக்குத் தோன்றவில்லை. தம்பி, பார்த்துச் சொல்லுங்கள்.

*(18 நாள் பதில் இல்லை)*

கரைக்கணக்கு | நவம்பர் 12, காலை 11.20

மன்னிக்கவும், காற்று கடுமையாக இருந்தது, இரண்டு நாள் மின்சாரமும் இல்லை. விடைத்தாள் ஐயா கேட்டது சரி. எட்டில் மூன்று பழைய முறைத் தேர்வுகள். அவற்றை விட்டுவிட்டேன். ராமநாதபுரத்தில் ஒரு கணினி மையத்தில், காலையில் மூன்று எழுதினேன். 57, 55, 64. தர்க்கத்தில் இரண்டு தொகுப்பு மட்டும் எடுக்கிறேன், கடைசித் தேர்வில் 21 வந்தது. வாசிப்பு இன்னும் 25ஐத் தாண்டவில்லை. நோட்டில் பாதிக்கு மேல் "விட்டிருக்க வேண்டியது" என்றே இருக்கிறது அக்கா. தேர்வு மதுரையில். ஞாயிற்றுக்கிழமை கரைக்கு வர முடியாது என்று சம்மாட்டியிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார்.

தேவிபட்டினம் ஆசிரியர் | பிற்பகல் 12.05

மகிழ்ச்சி தம்பி. வாசிப்பில் எழுதும் எண்ணிக்கையை 18க்குக் குறைத்துப் பாருங்கள். நான்கு பத்தியில் மூன்று போதும்.

கீழக்கரை காக்கா | பிற்பகல் 12.30

எந்த அமர்வு என்று எழுதவில்லையே. காலை எட்டரை என்றால் சனிக்கிழமையே மதுரை போய்த் தங்கிவிடுங்கள். தங்கச்சிமடம் பக்கமிருந்து பஸ்ஸில் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும், மழைக்காலம் வேறு. பிற்பகல் பன்னிரண்டரை என்றாலும் மாலை நாலரை என்றாலும், மீதி இரண்டு மாதிரித் தேர்வையும் அதே நேரத்தில் எழுதுங்கள். நுழைவுச்சீட்டைப் பார்த்து எந்த அமர்வு என்று சொல்லுங்கள்.